பாஸ் இல்லை என்று வந்த சேதி

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருங்கள் என்று போதகர் கேட்கும்போதெல்லாம், மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஒருத்தி குனிந்து எதையோ தேடிக்கொண்டிருப்பாள். அது நான்தான். நாலு வருடமாக இப்படியே தப்பித்து வந்திருக்கிறேன். போன ஞாயிறு போதகரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "எஸ்தர், வாயால சொல்ல வரலேன்னா கையால எழுதிக் குடு. ஆண்டவர் செஞ்சத மூடி வைக்காதே" என்றார்கள். ஆகையால் எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் ஆண்டவர் செய்தது உங்களுக்குப் புரியாது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்திலும் ரயில்வேயிலும் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த வருடம். நாங்கள் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் அப்பா தேவசகாயம் பாயிண்ட்ஸ்மேன். வருகிற ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கம்பியை இழுத்துத் திருப்பிவிடுகிற வேலை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகத் தொடங்கிய வாரத்தில் அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. ஜனவரிக் கடைசியோடு வேலை கிடையாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். இந்தியாவில் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பலில் இலவசமாக இடம் உண்டு என்று அந்தக் காகிதத்தின் அடியில் எழுதியிருந்தது. என் இரண்டு தம்பிகளும் கப்பல் என்றதும் குதித்தார்கள். அம்மா அன்று சோற்றை அடிப்பிடிக்க விட்டாள்.

நான் அப்போது கோலாலம்பூரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் முடித்து, பரீட்சை எழுதியிருந்தேன். மூன்று வருடப் படிப்பு. உபகாரச் சம்பளம் கிடைத்ததால்தான் ஒரு பாயிண்ட்ஸ்மேன் மகள் அந்த வாசற்படியை மிதிக்க முடிந்தது. அது கல்லூரிக் கட்டணத்தோடு சரி. புத்தகம், தையல் வகுப்புக்குத் துணி, நூல், படம் வரையத் தடித்த காகிதம், காலுக்கு மூடிய செருப்பு என்று மற்றதெல்லாம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். தையல் வகுப்பில் மற்ற பெண்கள் புதுத் துணியில் மாதிரி தைத்தார்கள். நான் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையின் முதுகுப் பக்கத்தில் தைத்தேன். மிஸ் அதைத் தூக்கிப் பிடித்து, இது மிகவும் உறுதியான துணி என்றார். அது பாராட்டா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரயில்வேக்காரர் பிள்ளை என்பதால் எனக்கு டிக்கெட் வேண்டாம். ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டி விடிந்ததும் கிள்ளானில் ஏறுவேன். பெண்கள் பெட்டியில் மூலையில் உட்கார்ந்து, பத்துத் திகா, பெட்டாலிங் என்று ஸ்டேஷன்கள் போகப் போக பாடத்தை முணுமுணுப்பேன். கல்லூரியில் நான் அதிகம் பேசுவதில்லை. சீனப் பெண்களும் யூரேசியப் பெண்களும் இங்கிலீஷை வெற்றிலை மெல்லுகிற மாதிரி லேசாகப் பேசுவார்கள். எனக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒரு தடவை தைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே வரும். அதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும். மத்தியானம் புளிச்சோற்று டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டு, கை கழுவும் இடத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்ட நாட்கள் உண்டு. ஆனாலும் எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நேர்கோடு இழுத்தால் என் மனசில் இருக்கிற குழப்பமெல்லாம் அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

அப்பா நோட்டீஸ் வந்த அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். "பரீட்சை பாஸ் பண்ணிட்டியானா நீ இங்க இருந்து முடி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல சபை நடத்துற பொண்ணுங்க விடுதியில எடம் தரேன்னிருக்காங்க. பெயிலாயிட்டா உபகாரச் சம்பளம் நின்னுடும். அப்புறம் ஒன்னைத் தனியா விட்டுட்டுப் போக முடியாது. எங்களோட கெளம்பிடணும்."

எனக்கு எழுத்துப் பரீட்சையில் பயமில்லை. வகுப்பு நடத்திக் காட்டுகிற பரீட்சையில்தான் பயம். மழை எப்படி உண்டாகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பாடம் நடத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதியில் ஒரு சீனச் சிறுமி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். நான் பதறி, "ஏய், சும்மா உக்காரு புள்ள" என்று சுத்தத் தமிழில் அதட்டிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமிக்கு என்ன புரிந்ததோ, பயந்து உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். அவர் எழுதினது என்ன என்று நினைத்து நினைத்தே என் கிறிஸ்துமஸ் போய்விட்டது.

அம்மா தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் முழங்கால் போடுவாள். அம்மாவுக்கு நீளமாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, எம் புள்ளைக்குப் பாஸ் தாரும்" என்பாள். அதையே மூன்று தடவை சொல்லிவிட்டு எழுந்து புகையை ஊதப் போய்விடுவாள். நான் பாயில் கண்ணை மூடியபடி ஆமென் சொல்லிக்கொள்வேன்.

ஜனவரி முதல் வாரத்தில் பரீட்சை முடிவைக் கல்லூரி வாசலில் ஒட்டுவார்கள் என்று பேச்சு. கல்லூரி திறக்கிறவரை என்னால் காத்திருக்க முடியவில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த சாமுவேல் மாமா ரயிலில் கொடி காட்டுகிற கார்டாக இருந்தார். கோலாலம்பூரில் அவருக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. "மாமா, ஒரு எட்டு போய் பலகையைப் பாத்துட்டு வாங்க. பாஸா இல்லையான்னு மட்டும் சொல்லி அனுப்புங்க, போதும்" என்று கெஞ்சினேன். பார்க்கிறேன் என்றார். அப்பாவுக்கும் அவரிடம் ஒரு வேலை இருந்தது. புது வருடத்துக்கு என் ரயில் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அதையும் கோலாலம்பூர் ஆபீஸில் கேட்டு வரச் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அது என் மூளையில் நிற்கவில்லை. எனக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது, அது கல்லூரிப் பலகையில் ஒட்டப்போகிற காகிதம்.

புதன்கிழமை மத்தியானம் பாக்கியம் அக்கா வந்தாள். அவள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இடியாப்பம் விற்கிறவள். கூடையை இறக்காமலே வாசலில் நின்று சொன்னாள்.

"கார்டு அண்ணன் ரயில்லேருந்தே சொல்லிட்டுப் போனாரு. பாஸ் இல்லையாம். பாப்பாவை இனிமே வர வேணாம்னு சொன்னாரு."

நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. இனிமே வர வேண்டாம் என்று கல்லூரியிலேயே சொல்லிவிட்டார்களா என்று நான் கேட்பதற்குள் பாக்கியம் அக்கா பாசார்க் கடைகள் பக்கம் போய்விட்டாள். மாமாவைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்றால், அன்றைக்கே அவரை வடக்குப் பக்கம் ஈப்போ ரயிலுக்குப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. திங்கள்கிழமைதான் திரும்புவார்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாஸ் இல்லையாம்ப்பா."

அவர் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சதுதாம்மா" என்றார். "நமக்கு இனிமே யாரு குடுக்கப் போறா."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பெயிலானதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். தெரிஞ்சதுதான் என்ற அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. இரண்டு வருடமாக என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை கூட வந்தவர், உள்ளுக்குள் இப்படித்தான் நினைத்திருந்தாரா?

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, காசு குடுத்தா ஆவாதா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "காசு குடுத்து வாங்குற பாஸ் எனக்கு வேணாம்மா" என்றேன். "அதுக்கு நான் வீட்டிலயே கெடப்பேன்."

"ஏண்டி, எல்லாரும் காசு குடுத்துத்தானே போறாங்க?"

"போறவங்க போகட்டும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நானே போய், "கப்பலுக்கு என் பேரையும் எழுதிடுங்கப்பா" என்றேன். "நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டார். "வேற என்ன இருக்கு எனக்கு இங்க?" என்றேன். "திங்கக்கெழமை சாயங்காலம் பேரு குடுக்கணும். அதுவரைக்கும் யோசி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது? வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படம் வரைகிற பெட்டியைத் தம்பிகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதில் வண்டு பிடித்து வைத்தார்கள். கல்லூரித் தலைவியான பெரிய மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறேன், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மூன்றே வாக்கியம். இரண்டு வருடத்தில் நான் எழுதிய இங்கிலீஷிலேயே பிழையில்லாத இங்கிலீஷ் அதுதான்.

சனிக்கிழமை எல்லோரும் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கப் போயிருந்தார்கள். நான் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். அன்று முழங்கால் போட்டேன். சகோதர சகோதரிகளே, நான் ஜெபித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நான் சண்டை போட்டேன். இல்லை என்று சொல்வதானால் முதல் வருடமே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் காக்கித் துணியில் தைத்த பட்டன் காஜா எல்லாம் வீணா? என்னைப் பெற்றவரே என்னை நம்பவில்லையே, நீராவது நம்பினீரா? இப்படிக் கேட்டுக் கேட்டு அழுது ஓய்ந்தேன். வாய் வறண்டுபோன பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. "எனக்கு ஒண்ணும் தெரியலை. நான் தப்பான தண்டவாளத்தில் போறேன்னா, நீரே பிடித்துத் திருப்பிவிடும்." பாயிண்ட்ஸ்மேன் மகளுக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை.

எழுந்தபோது மனசு லேசாகிவிடவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் அந்த நிமிஷமே சமாதானம் வந்தது என்பார்கள். எனக்கு வரவில்லை. கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

திங்கள்கிழமை காலை நூலகத்துப் புத்தகங்களையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கரும்பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இருந்தது. ரயில் வந்து நின்றது. வழக்கம்போலப் பழைய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏ புள்ள, எறங்கு எறங்கு."

சாமுவேல் மாமா. ஈப்போவிலிருந்து திரும்பியிருந்தார். பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

"பாஸ் இல்லைன்னு அன்னைக்கே சொல்லி அனுப்பினேனே. மறுபடியும் வந்து ஏறினா என்ன அர்த்தம்? செக்கர் புடிச்சா அப்பாவுக்குல்ல கெட்ட பேரு."

பெட்டியிலிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "நான் பெயிலானதை ஊருக்கே சொல்லணுமா மாமா?" என்றேன்.

"பெயிலா? எதுல பெயிலு?"

"பரீட்சையிலதான். நீங்கதானே பாத்துட்டு வந்தீங்க."

மாமா என் கையிலிருந்த அட்டையை விரலால் தட்டினார். "நான் இந்தப் பாஸைச் சொன்னேன் புள்ள. நோட்டீஸ் குடுத்தவங்க புள்ளைங்களுக்குப் புதுசு கெடையாதுன்னு ஆபீஸ்ல எழுதுற கிராணி சொல்லிட்டாரு. காலேஜுக்கும் போய்ப் பாத்தேன். பலகையில ஒண்ணும் ஒட்டலை. இந்த வாரம்தான் ஒட்டுவாங்களாம். அதை எதுக்குச் சொல்லி அனுப்பணும்னு விட்டுட்டேன்."

அவருக்கு நேரமாகிவிட்டது. விசில் ஊதிக் கொடியை ஆட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ரயில் போய்விட்டது. நான் புத்தகங்களோடு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் அக்கா கூடையை விட்டுவிட்டு ஓடிவந்து, "என்ன பாப்பா, மயக்கமா?" என்று தண்ணீர் கொடுத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் தண்ணீர் மூக்கில் ஏறியது. சனிக்கிழமை நான் கேட்ட வார்த்தை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திருப்பிவிடும் என்று கேட்டேன். ரயிலிலிருந்தே இறக்கிவிட்டார்.

நேராக அப்பா நின்ற கம்பிக்கே போனேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்ததும் கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னைக்கு, நீ பெயிலுன்னு வந்து சொல்லி, நான் தெரிஞ்சதுதான்னு சொன்னதா நெனச்சியா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நாலு நாளா அப்படியே நெனச்சுக்கிட்டா என் வீட்டுல சோறு தின்னே?"

அன்றைக்குத்தான் அப்பா அழுது பார்த்தேன். கப்பலுக்கு வருகிறேன் என்று நான் சொன்னபோது, பிள்ளை நம்மைப் பிரிய முடியாமல் சொல்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் தான் சந்தோஷப்பட்டுவிட்டதைச் சொல்லிச் சொல்லி அழுதார். சாயங்காலம் பேர் கொடுக்கப் போனபோது நாலு பேரை மட்டும் எழுதினார். "முடிவு என்னன்னு இன்னும் தெரியலையேப்பா" என்றேன். "பெயிலாயிருந்தா அப்புறம் சேத்துக்கச் சொல்லி அவங்க கால்ல விழுறேன். இப்ப நான் எழுத மாட்டேன்" என்றார்.

புதன்கிழமை அம்மா காசு கொடுத்தாள். எல்லோரையும்போலக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனேன். பலகைக்கு முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். மேலிருந்து பார்க்கத் தைரியமில்லாமல் கீழிருந்து படித்தேன். கடைசியில் இல்லை. அதற்கு மேல் இல்லை. பாஸானவர்கள் பட்டியலில் கீழிருந்து ஐந்தாவது பேர் என்னுடையது. வகுப்பு நடத்தியதற்கு நேராக, பிள்ளைகளை அடக்கும் திறமை நன்று என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்ததாகப் பெரிய மிஸ் பிறகு சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார். உபகாரச் சம்பளத்துக்கு ஒரு இடம் காலியானால் போதும் என்று ஒரு பெண் தகப்பனோடு திங்கள்கிழமை முழுவதும் ஆபீஸ் வாசலிலேயே காத்திருந்தாளாம். என் கடிதம் அன்று அவர் மேஜைக்குப் போயிருந்தால், மத்தியானத்துக்குள் என் இடம் அவளுடையது. கடிதம் அப்போதும் என் பையில்தான் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவர்களைக் கப்பலேற்றினேன். கேட்டது கிடைத்தவள் சந்தோஷமாக நின்றிருப்பாள் என்று நினைக்காதீர்கள். தம்பிகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சின்னவன் வண்டு வைத்திருந்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான். அம்மா என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். அவள் கண்ணைத் திறந்ததும், பல நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"அம்மா, தினமும் காலையில எனக்குப் பாஸ் தாரும்னு ஜெபிச்சியே. எந்தப் பாஸுக்கு?"

"ரயில் பாஸுக்குத்தான். வேற எதுக்கு?" என்றாள். "பரீட்சை நீ படிச்சு வாங்கிடுவே. அதுக்குப் போயி ஆண்டவரைத் தொந்தரவு பண்ணுவாங்களா?"

அதைச் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் விடுதிக்கு நான் திரும்பியபோது மழை பெய்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். என் அம்மா ஒரு மாதம் முழங்கால் போட்டுக் கேட்ட பாஸ் கடைசிவரை வரவே இல்லை. அது வந்திருந்தால் நான் அந்தத் திங்கள்கிழமை காலை தடையில்லாமல் ரயிலேறி, கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அம்மாவின் ஜெபத்துக்கு ஆண்டவர் இல்லை என்றார். என் படிப்பு பிழைத்தது அந்த இல்லையால்தான்.

இப்போது நான் இதே பிரிக்பீல்ட்ஸில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் எழுந்து ஓடினால் இன்றும் தமிழில்தான் அதட்டுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை அப்பாவின் கடிதம் வருகிறது. ஒவ்வொன்றிலும், இதில் உனக்குப் புரியாத சொல் எதுவும் இருந்தால் திருப்பி எழுதிக் கேள் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காகவும் நான் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இந்த வாரம் இல்லை என்று ஒரு சேதி வந்திருக்கலாம். வேலை இல்லை, சம்பளம் இல்லை, பிள்ளைக்கு இடம் இல்லை என்று வந்திருக்கலாம். அன்றைக்கே கடிதம் எழுதிவிடாதீர்கள். நாலு நாள் அவரை நம்பி அந்தச் சேதியைக் கையில் வைத்திருங்கள், சண்டை போட்டுக்கொண்டாவது வைத்திருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அந்த மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன், இனிமேல் பின்னால் ஒளிய மாட்டேன். வாருங்கள். எந்தப் பாஸ் இல்லை என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அப்புறம் சேர்ந்து முழங்கால் போடுவோம்.